பாசமில்லாத கத்தி

இரும்பூரணியின் கத்திக்காரத் தெருவுக்கு முதல் கத்தி திரும்பி வந்தது ஒரு வியாழக்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வருகிற நேரம். வானத்திலிருந்து விழுந்த கல்லை உருக்கி எடுத்த இரும்பு என்று சொல்லி, கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளிக்குப் பலவேசம் கூரியரில் அனுப்பிய கத்தி அது. ஏழே முக்கால் பஸ்ஸிலிருந்து இறங்கி, பிடியை முன்னால் நீட்டி, வெட்டுவாய் தரையில் படாமல் ஒருக்களித்து, நண்டுக்கும் கோழிக்கும் நடுப்பட்ட ஒரு நடையில் தெருவோரமாகவே வந்து, குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் காலை ஒதுக்கி வழிவிட, பலவேசம் கடையின் மூன்று படியையும் ஏறி, கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புத் துணியில் தான் முன்பு கிடந்த பள்ளத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டது.

"நேத்தே வந்திருக்கணும், பஸ்ஸத் தவற விட்டிருக்கும்" என்றார் டீக்கடைக்காரர், ஆற்றிக்கொண்டிருந்த டீயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தெருவில் மொத்தம் பதினோரு கடைகள். வாங்குகிறவர் தன் கையை வெள்ளைத்தாளில் விரித்து வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பினால் அந்தக் கைக்கென்றே கத்தி அடித்துத் தருவது தொழில். அடித்ததன் மேல் ஒரு கதையைச் சொல்லி விற்பது தொழிலுக்குள் தொழில். லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துவிட்டு, கடலில் மூழ்கிய வெள்ளைக்காரன் கப்பலின் இரும்பு என்பார்கள். ஆசிட்டில் முக்கி வரவழைத்த கோடுகளைக் காட்டி, நூறு தடவை மடித்து அடித்ததில் விழுந்த அலை என்பார்கள். டீத்தூள் போட்டு வேகவைத்த பிளாஸ்டிக் பிடியை மான்கொம்பு என்று சொல்லிவிட்டு, மான்கொம்பு விற்பது குற்றமாயிற்றே என்று குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லிராதிய" என்று வாங்குகிறவரிடமே சத்தியமும் வாங்கிக்கொள்வார்கள். பத்துக் கடைகளில் இப்படி. பதினோராவது பிச்சைக்கண்ணு ஆசாரியின் பட்டறை.

பிச்சைக்கண்ணுவை நேர்மையானவர் என்று யாரும் சொன்னதில்லை, வாய் கெட்டவர் என்றுதான் சொன்னார்கள். கத்தியை ஒருவர் கையில் கொடுத்த மறுகணம் அவர் வாய் தன்னால் திறந்துகொள்ளும். "இது லாரிப் பட்டை. தண்ணியில முக்கும்போது சூடு கொஞ்சம் தப்பிட்டு, நுனி ஒரு பொட்டு இளக்கம். பிடி பூவரசு, மழைக்கு ஊதும். வேணும்னா எடும், வேண்டாம்னா வச்சிட்டுப் போம்." பாதிப்பேர் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் மனைவி உச்சிமாளி துருத்தியை இழுத்த கையாலேயே நெற்றியில் அடித்துக்கொள்வாள். கரி அப்பிய அந்த நெற்றியைப் பார்த்தே அன்றைக்கு எத்தனை பேர் வந்து திரும்பினார்கள் என்று தெரு தெரிந்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை நாலு கத்தி வந்தது. அடுத்த வாரத்தில் பெங்களூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கூட்டங்கூட்டமாக வந்தன. கண்டக்டர்கள் முதலில் லக்கேஜ் போடலாமா என்று யோசித்து, இறங்குமிடம் தெரிந்த பயணி யாருக்கும் தொந்தரவில்லை என்று விட்டுவிட்டார்கள். பெருக்க வருகிறவர்கள் கத்திகள் கடந்து போகும்வரை விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் காலை மணி அடிக்கிற நேரத்தில் மட்டும் அவை மேலத்தெரு வழியாகச் சுற்றி வந்தால் நல்லது என்று எழுதி ஒட்டினார், கத்திகளும் அப்படியே செய்தன. பேரூராட்சி, படியேற முடியாத சின்னப் பேனாக்கத்திகளுக்காக எல்லாக் கடை வாசலிலும் ஒரு சாண் அகலத்தில் சிமெண்டுச் சரிவு கட்ட டெண்டர் விட்டது. கத்தி காணாமல் போயிற்று என்று ஒருவர் திருச்சியிலிருந்து புகார் அனுப்ப, சப்-இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த கத்தியைக் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "பொருள் தன் சொந்த விருப்பத்தின் பேரில் வந்துள்ளது" என்று எழுதிக்கொண்டு போனார்.

எந்தக் கத்தி வருகிறது, எது வரவில்லை என்பதை முதலில் சொன்னவர் பிச்சைக்கண்ணுதான். டீக்கடையில், பத்துக் கடைக்காரர்களும் இருக்கும்போது, கேட்காமலே சொன்னார்.

"பொய் சொல்லி வித்ததெல்லாம் வருது. என் கத்தி ஒண்ணு வந்திருக்கா? வரல. அதுக்கு வர வேண்டிய காரியம் இல்ல."

பலவேசம் மட்டும் டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

பத்துப் பேரும் பயந்துதான் போனார்கள். அம்மன் கோயிலில் கூடி, இனி உள்ளதைச் சொல்லியே விற்பது என்று எலுமிச்சம்பழத்தின் மேல் சத்தியம் செய்து, ஒன்பது நாள் அப்படியே நடந்தார்கள். ஒன்பது நாளும் ஒரு கத்தி நகரவில்லை. பலவேசம் கார் வைத்து வந்த ஒருவரிடம், "இது லாரிப் பட்டைங்க, அலை எல்லாம் ஆசிட்டு" என்று சொன்னார். வந்தவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "நல்ல சரக்கை யாருக்கோ ஒதுக்கி வச்சிருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் இப்படிச் சொல்றீங்க?" என்று கண்கலங்கிப் போனார். உண்மையைச் சொல்லி ஒரு மனிதரை அழவைத்தது பலவேசத்தின் மனதை வெகுவாக வாட்டியது.

பத்தாம் நாள் காலை, வரிசையாகப் படுத்திருந்த கத்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. கத்திகள் வந்துவிட்டன, வாங்கியவர்கள் ஒருவரும் வரவில்லை. ஏமாந்தோம் என்று பஸ் ஏறி வந்து தெரு நடுவில் நின்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? இதையே இன்னொரு தரம் விற்கலாம், வந்தால் இன்னொரு தரம். கத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் யோசித்தவருக்கு, அன்றுவரை அந்தத் தெருவில் யாரும் சொல்லாத ஒரு பொய் வந்து வாய்த்தது.

"பாசமுள்ள கத்தி" என்று கடை வாசலில் போர்டு வைத்தார். உயிரைக் கொடுத்து அடித்த கத்திதான் அடித்த கையைத் தேடி வரும், வராத கத்தி வெறும் தகரம் என்று ஃபோனில் வீடியோ போட்டார். ஒரு மாதத்தில் ஊர் கொள்ளாத கூட்டம். முன்னெல்லாம் கத்தி கூர்மையா என்று கேட்டவர்கள் இப்போது எத்தனை நாளில் போகும் என்று கேட்டார்கள். மூன்றாம் நாளே கத்தி போய்விட்டவர், கத்தி ஒரு வாரம் தங்கிய வீட்டுக்காரரை இளக்காரமாகப் பார்த்தார். மதுரையில் ஞானசிகாமணி என்று ஓய்வுபெற்ற என்ஜினீயர் ஒருவர், கத்தி சேகரிப்பதே வேலையாக இருந்தவர், போய்விட்ட கத்திகளின் காலிப் பெட்டிகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சின்ன விளக்குப் போட்டு, விருந்தாளிகளுக்குக் காட்டினார். விருந்தாளிகள் காலிப் பெட்டியைக் குனிந்து பார்த்து, என்ன ஒரு வேலைப்பாடு என்றார்கள்.

பிச்சைக்கண்ணுவின் உலை இரண்டு நாளைக்கொரு முறைதான் எரிந்தது. வருகிறவர்கள் வாசலிலேயே நின்று கேட்டார்கள்.

"உங்க கத்தி திரும்பி வருமா?"

"வராது."

"ஏன்?"

"வாங்கினா உம்ம வீட்டுலதான் கெடக்கும்."

"பாசம் இல்லையோ?" என்று சொல்லிவிட்டுப் பலவேசம் கடைக்குப் போனார்கள்.

ஒருநாள் உச்சிமாளி துருத்தியை விட்டுவிட்டு எழுந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு பொய்யி. சின்னதா. ஒங்க வாயில புண்ணா வந்திரும்?"

அந்த வாரம் ஞானசிகாமணியே தெருவுக்கு வந்தார். பதினோரு கடையிலும் ஒவ்வொன்று வாங்கிவிட வேண்டும் என்று பிச்சைக்கண்ணு வாசலிலும் நின்றார். பிச்சைக்கண்ணு கத்தியை எடுத்துக் கொடுத்தார். நெற்றியில் வேர்த்தது. உள்ளிருந்து உச்சிமாளி இருமினாள்.

"இது... எங்க தாத்தாவுக்குத் தாத்தா... ஜமீனுக்கு அடிச்ச... அந்த இரும்பு" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.

ஞானசிகாமணி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "உடம்புக்கு முடியலையா ஆசாரியாரே?" என்று கேட்டு, பாவமே என்று அந்தக் கத்தியை வாங்கிக்கொண்டு போனார். உச்சிமாளி மறுநாளிலிருந்து ஏழே முக்கால் பஸ்ஸுக்காகத் தெருமுனையில் காத்திருந்தாள். ஒரு மாதம் காத்திருந்தாள். கத்தி வரவில்லை. யாரும் நம்பாத பொய்யைக் கத்தி பொய் என்று எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு பொய்யக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாத ஆம்பளைக்கு வாக்கப்பட்டேனே" என்று அவள் கரி படிந்த நெற்றியோடு திரும்பி வந்தாள்.

சலேத்மேரி வந்தது அதற்கு அடுத்த சனிக்கிழமை. சிப்பித்துறைக் கடற்கரை மார்க்கெட்டில் பெரிய மீன்களை அறுத்துத் துண்டு போட்டுக் கொடுப்பவள். கப்பல் இரும்பு, உப்புக்கு அசையாது என்று பலவேசம் சொன்னதை நம்பித் தன் கைக்கு அளவு கொடுத்து வாங்கிய கத்தி, அவள் ஒரு திருக்கையைப் பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போது கையிலிருந்து நழுவி, பலகையிலிருந்து குதித்து, கிளம்பிவிட்டது. அவள் விடவில்லை. பதினாறு கிலோமீட்டர், உப்பளம் வழியாக, பனங்காடு வழியாக, மீன்செதில் ஒட்டிய கையோடு அதன் பின்னாலேயே அதைத் திட்டிக்கொண்டே நடந்து வந்தாள். கத்தி வேகம் கூட்டினால் அவளும் கூட்டினாள். பலவேசம் கடைப் படியில் ஏறப்போன அதைக் காலால் மிதித்து நிறுத்தினாள்.

பலவேசம் கையைக் கூப்பிக்கொண்டு வெளியே வந்தார். "தாயி, குடுத்து வச்சவ நீ. பாசமுள்ள கத்தி வாய்ச்சிருக்கு ஒனக்கு."

"பாசம் எங்கிட்ட எதுக்கு? எனக்கு மீனு அறுக்கணும்" என்றாள் சலேத்மேரி. "பாதித் திருக்கை அங்க கெடக்கு. மீதிய நீ வந்து பல்லால கடிச்சுக் குடுப்பியா?"

தெருவே எழுந்து நின்றது. பலவேசம் உள்ளே போய்விட்டார். அவள் காலடியில் துள்ளும் கத்தியை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிச்சைக்கண்ணுவின் பட்டறைக்கு வந்து, கரி மூட்டையின் மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

பிச்சைக்கண்ணு அந்தக் கத்தியைக் கையில் வாங்கினார். அவர் வாய் தன்னால் திறந்துகொண்டது. "இது கப்பலும் இல்ல, கடலும் இல்ல. லாரிப் பட்டை, என்னதும் அதேதான், ஒரே கடையிலதான் வாங்குதோம். அலை ஆசிட்டு. முக்குனது சரியில்ல, நடுவுல ஒரு எடத்துல இளகிக் கெடக்கு, திருக்கை எலும்புல அந்த எடத்தப் போடாத. தெனமும் எண்ணெ தடவலேன்னா உப்பு தின்னுரும். ஒரு வருசம் ஒழைக்கும். கூட ஒழைக்காது."

அவள் மடியில் துள்ளிக்கொண்டு வந்தது அவர் கையில் அடங்கிவிட்டது. கத்தி, கத்தியைப் போலக் கிடந்தது.

"ஒரு வருசம் போதும்" என்றாள் சலேத்மேரி. "ஒரு வருசம்னு தெரிஞ்சா நான் பாத்துக்கிடுவேன்." அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அது பிறகு வரவே இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து பிச்சைக்கண்ணுவின் வாசலில் வேறு மாதிரிக் கூட்டம் நின்றது. கறிக்கடை பாய்கள், பிரியாணி மாஸ்டர்கள், பனையேறிகள், இளநீர் வெட்டுகிறவர்கள், கத்தி வீட்டில் இருந்தாக வேண்டியவர்கள். துள்ளுகிற கத்திகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, உள்ளதைச் சொல்லக் கேட்டு, அடங்கியதும் எடுத்துக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் அவரிடமும் ஒன்றுக்குச் சொல்லிவைத்தார்கள். உலை தினமும் எரிந்தது. உச்சிமாளி நெற்றியில் அடித்துக்கொள்வதை நிறுத்தியிருந்தாள்.

கத்தி உற்பத்தியாளர் சங்கம் கூடியது. பலவேசம்தான் தலைவர். பிச்சைக்கண்ணுவை நிற்கவைத்துக் குற்றம் வாசித்தார்கள்: அடுத்தவன் சரக்கைப் பற்றி அடுத்தவன் அனுமதியில்லாமல் உண்மை சொன்னது.

"நான் உம்மப் பத்தி ஒண்ணும் சொல்லலியே வே. கத்தியப் பத்தித்தான் சொன்னேன்" என்றார் பிச்சைக்கண்ணு.

"அதுதான் தப்பு" என்றார் பலவேசம், உண்மையிலேயே நொந்துபோன குரலில். "என்னப் பத்திச் சொல்லும், ஆயிரம் சொல்லும், நான் தாங்கிக்கிடுவேன். நாங்க கத்தி மட்டுமா விக்கோம்? ஒருத்தன் மனசுல ஒரு சந்தோசத்த வச்சு அனுப்புதோம். நீரு அதப் பிடுங்கி எறியுதீரு. இந்தத் தெருவுல கடை வேணும்னா, இனிமே கத்தி பத்தி வாயத் திறக்கப்படாது. அடுத்தவன் கத்தியும் சரி, உம்ம கத்தியும் சரி."

கடை, சங்கத்துக்குச் சொந்தமான கட்டடம். பிச்சைக்கண்ணு வாயை மூடிக்கொண்டார்.

மூடியது அவருக்குப் பெரிய வாதையாக இருந்தது. கத்தியை எடுத்து நீட்டுவார், வாய் திறக்க வரும், துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொள்வார். கண்ணில் நீர் கட்டும். சாக்கில் கத்தி கொண்டுவந்தவர்கள் ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டு வேறு வழி தேடிப் போனார்கள். அவர்கள் போன இடத்தில் கார்கள் வந்து நின்றன. கத்திக்காரத் தெருவில் ஒரு மௌன ஆசாரி இருக்கிறார், கத்தியைக் கொடுக்கும்போது கண்ணீர் விடுகிறார், அந்தக் கத்தியில் என்ன இருக்கிறதென்று அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று ஊரெல்லாம் பேச்சு. கை அளவை முன்னாடியே அனுப்பிவிட்டு ஞானசிகாமணி மறுபடியும் வந்தார். துண்டால் வாயைப் பொத்தியபடி பிச்சைக்கண்ணு நீட்டிய கத்தியை இரண்டு கையாலும் வாங்கினார்.

"சொல்ல வேண்டாம்" என்றார் தழுதழுத்து. "அன்னைக்கு ஜமீன்னு பாதி சொல்லி மீதியை மறைச்சீங்க. இப்பப் புரியுது. இது அந்த இரும்புதான், இல்லையா? ஏழு தலைமுறை இரும்பு."

பிச்சைக்கண்ணு துண்டை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை, ஏழே முக்கால் பஸ்ஸிலிருந்து இறங்கிய கத்திகளில் ஒன்று பலவேசம் கடைச் சரிவில் ஏறாமல் தாண்டி, தெருக்கோடிவரை வந்து, பிச்சைக்கண்ணுவின் பட்டறைக்குள் நுழைந்து, பட்டடைக்கல்லின் அடியில் படுத்துக்கொண்டது. பலவேசம் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டீக்கடைக்காரர் காசு வாங்காமல் டீ கொடுத்தனுப்பினார். பிச்சைக்கண்ணு கத்தியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். டீ ஏடு கட்டி ஆறியது.

"நான் ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார் கடைசியில், மனைவியிடம்.

"நீங்க சொல்லல" என்றாள் உச்சிமாளி. பொய் சொல்லச் சொன்னவள்தான், ஆனால் அவள் குரலில் இப்போது சந்தோசம் இல்லை. "அவரே சொல்லிக்கிட்டாரு. நீங்க கேட்டுக்கிட்டு நின்னிய."

அவர் அந்தக் கத்தியை மஞ்சள் பையில் வைத்து, நெளிகிற பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினார். ஞானசிகாமணி வீட்டில் அந்தப் பெட்டிக்கு ஏற்கெனவே விளக்குப் போட்டாயிற்று. "மௌனம்" என்று சின்னப் பித்தளைத் தகட்டில் பெயரும் அடித்தாயிற்று. பிச்சைக்கண்ணு கத்தியை மேசைமேல் வைத்து, வாயைத் திறந்தார்.

"சார், இது லாரிப் பட்டை..."

ஞானசிகாமணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வேண்டாம் ஆசாரியாரே! கெஞ்சிக் கேட்டுக்கிறேன், எடுத்துட்டுப் போயிடுங்க. இதை உள்ள வச்சா வர்றவங்க என்னத்தைப் பார்ப்பாங்க? வெறும் கத்தியைத்தானே பார்ப்பாங்க?"

வழிச்செலவுக்கு என்று அவர் நீட்டியதை வாங்காமல் பிச்சைக்கண்ணு படியிறங்கினார். ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. சிப்பித்துறை என்று எழுதியிருந்த பஸ்ஸில் ஏறி, மாலைச் சந்தை கூடுகிற நேரத்தில் இறங்கி, சலேத்மேரியின் பலகைமேல் பையைக் கவிழ்த்தார். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. லாரிப் பட்டை, வலப்பக்கம் ஒரு நூல் சாய்வு, பிடி ஆணி ஒன்று ஆட்டம், அன்றைக்கு அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது, ஞானசிகாமணி சார் கைக்கு அளவெடுத்தது, அவளுடைய கைக்குக் கொஞ்சம் பெரிசு. பையிலிருந்து விழும்போதே ஓடப் பார்த்த கத்தி, ஆணிக்கு வரும்போது நின்றது. கை நடுக்கத்துக்கு வரும்போது படுத்துவிட்டது.

சலேத்மேரி அதை எடுத்து ஒரு சீலா மீனின் தலையை வெட்டினாள். பிடியில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு இன்னொன்றை வெட்டினாள்.

"சொந்தக் கத்திய இவ்ளோ கேவலமாப் பேசுத மனுசன நான் பாத்ததில்ல" என்றாள். "இங்க அம்பது பேரு அறுக்கோம் ஆசாரியாரே. ஒங்களுக்கு ஒரு ஓலைக்கூரை போட எடம் இல்லாமலா போவும்?"

இரும்பூரணியில் சங்கம் காத்துக்கொண்டிருந்தது. மதுரையில் அவர் வாயைத் திறந்த சேதி ஃபோனில் வந்து சேர்ந்திருந்தது. பலவேசம் இன்னும் அன்பாகவே கேட்டார். "மதுர சாரு தனக்குச் சரியாக் கேக்கலன்னுதான் சொன்னாரு. வேற யார்ட்டயும் சொல்லலைல்லா? சொல்லலன்னு ஒரு வார்த்தை சொல்லிரும், முடிச்சிக்கிடுவோம்."

"மீன்காரிட்ட சொன்னேன்" என்றார் பிச்சைக்கண்ணு. "பூராவும் சொன்னேன்."

மறுநாள் உச்சிமாளி துருத்தியையும் பட்டடைக்கல்லையும் கரி மூட்டைகளையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றினாள். ஊரைவிட்டுத் தாண்டும்வரை புருஷனைத் திட்டிக்கொண்டே போனாள், உப்பளம் வந்ததும் நிறுத்திவிட்டாள். மௌன ஆசாரியின் பட்டறை இருந்த இடத்தைப் பலவேசம் எடுத்துக்கொண்டார். அங்கே ஒன்றும் வைக்காமல் விளக்கு மட்டும் போட்டிருக்கிறார், பார்க்க டிக்கெட்.

சிப்பித்துறையில் ஓலைக்கூரைக்கு அடியில் உலை பற்றிய முதல் நாள், மீன் அறுக்கிற பெண்கள் செதில் ஒட்டிய கையோடு வரிசையில் நின்றார்கள். தாளில் கோடு போட்டுக் கொண்டுவர யாருக்கும் நேரமில்லை, ஈரக் கையைப் பலகையில் அழுத்திக் காட்டினார்கள். முதலில் நின்ற வயசான பெண் தனக்கு அடித்த கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்படி இருக்கும் இது?" என்று கேட்டாள்.

உச்சிமாளி துருத்தியிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிச்சைக்கண்ணு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். லாரியிலிருந்து ஆரம்பித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மீன் காத்துக்கொண்டிருந்தது, அவர் பிடியின் ஊதலுக்கு வந்து, நுனியின் இளக்கத்துக்கு வந்து, சாய்வுக்கு வந்து, ஆணிக்கு வந்தார். வரிசையிலிருந்து ஒருத்தியும் விலகவில்லை.